மரபு நகரப் பகுதிகளில் வீட்டு மின்விளக்கு அமைத்தல்: புதுச்சேரித் தமிழர் பகுதி

மரபு நகரப் பகுதிகளில் வீட்டு மின்விளக்கு அமைத்தல் என்பது, மின்சாரம் வருவதற்கு முன்பே கட்டப்பட்டு இன்றும் மக்கள் குடியிருக்கிற பழைய வீடுகளில், கட்டடத்துக்குச் சேதமில்லாமலும் குடியிருப்போருக்கு ஆபத்தில்லாமலும் விளக்குகளைப் பொருத்தும் பணியாகும். புதிய வீட்டில் சுவர் பூசுவதற்கு முன்பே குழாய்களைப் பதித்துவிடுவார்கள். பழைய வீட்டில் சுவர், கூரை, தூண் எல்லாம் முடிந்து நூறு ஆண்டுக்குப் பிறகு மின்கம்பி உள்ளே நுழைகிறது. அது எந்த வழியாகப் போகிறது என்பதுதான் இங்கே முதன்மையான கேள்வி. எந்த விளக்கை வாங்குவது என்பது அதற்குப் பிறகு வருவது.

இக்கட்டுரை புதுச்சேரியின் தமிழர் பகுதி வீடுகளை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. மயிலாப்பூர், கும்பகோணம், காரைக்குடி ஆகிய ஊர்களின் பழைய வீடுகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

வீட்டின் அமைப்பும் வெளிச்சமும்

1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய பின் மீண்டும் எழுந்த நகரம் புதுச்சேரி. நகரின் நடுவே ஓடும் கால்வாய்க்குக் கிழக்கே, கடலை ஒட்டிப் பிரெஞ்சுப் பகுதியும் மேற்கே தமிழர் பகுதியும் உள்ளன. தமிழர் பகுதியின் வைசியாள் வீதியில் பழைய வீடுகளின் முகப்புகளை இன்டாக் என்னும் மரபுப் பாதுகாப்பு அமைப்பு சீரமைத்தது. அந்தப் பணி 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்றைப் பெற்றது.

இவ்வீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. தெருவோரம் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதன் கீழ் திண்ணை, பிறகு நிலைவாசல், நடை, நடுவில் திறந்த முற்றம், முற்றத்தைச் சுற்றித் தூண்களுடன் உள்தாழ்வாரம், அதன் ஓரங்களில் அறைகள், கடைசியில் கொல்லை என்பது பொது அமைப்பு. அடுத்தடுத்த வீடுகளின் சுவர்கள் ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் சன்னல் வைக்க இடமில்லை. தெரு, முற்றம், கொல்லை ஆகிய மூன்று இடங்களிலிருந்து மட்டுமே வெளிச்சம் வரும். ஆகவே முற்றம் பளிச்சென்று இருக்கும் நண்பகலிலும் ஓர அறைகள் இருண்டே கிடக்கும். வெயிலில் நின்றுவிட்டு நடைக்குள் நுழைகிறவருக்குக் கண் பழகச் சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிகளில்தான் உயரமான வாசற்படி முதியவர்களின் காலைத் தடுக்குகிறது. பழைய வீட்டில் விளக்கு அமைப்பதை அழகு வேலையாக மட்டும் பேசுகிறவர்கள் இந்தப் படியை மறந்துவிடுகிறார்கள்.

பழைய மின்கம்பிகளின் நிலை

பல வீடுகளில் முதன்முதலில் போடப்பட்ட கம்பிகளின் எச்சம் இன்னும் இருக்கிறது. தேக்குச் சட்டத்தின் மேல் தகரக் கொக்கிகளால் பிடிக்கப்பட்ட கம்பிகள், மரக் கேசிங்குக்குள் ஓடும் கம்பிகள், வட்ட மரக்கட்டையில் பொருத்திய கறுப்புச் சுவிட்சுகள், பீங்கான் பியூஸ்கள் ஆகியவை அவை. அக்காலக் கம்பிகளின் மேலுறை ரப்பரால் ஆனது. ரப்பர் ஆண்டுகள் செல்லச்செல்ல இறுகி, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிடும். அசையாமல் கிடக்கும்வரை அந்தக் கம்பி வேலை செய்வதுபோலவே தோன்றும். ஹோல்டரை மாற்றுவதற்காக அதை ஒருமுறை வளைத்தால் போதும், உறை உதிர்ந்து செம்பு வெளியே தெரியும்.

இதனோடு சுமையும் கூடிவிட்டது. சில விளக்குகளுக்காகப் போட்ட கம்பியில் இன்று குளிர்பதனப் பெட்டியும் மிக்சியும் ஓடுகின்றன. மாணவர்கள் ஜூல் விதியை இங்கே நினைவில் கொள்ளலாம். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மின்னோட்டம் மூன்று மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்காகும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டும் வழக்கம் இந்த வெப்பத்துக்குத் திறந்துவிட்ட கதவு. கம்பி ஓடுவதோ நன்கு காய்ந்த தேக்கின் மேல்.

எனவே வேலை தொடங்குவதற்கு முன் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு கம்பிகளின் காப்புத்தடையை 500 வோல்ட் மெகர் கருவியால் அளக்க வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் அந்தக் கம்பியை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற நினைக்கக்கூடாது. முழுவதையும் மாற்றுவதே முறை. பழைய தேக்குச் சட்டங்களையும் கேசிங்கையும் பீங்கான் பொருள்களையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். மரபு என்று போற்ற வேண்டியவை அவைதாம்; உதிர்ந்த ரப்பரில் போற்ற ஒன்றுமில்லை.

சுவரும் கூரையும்

இவ்வீடுகளின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும். குழாய் பதிக்கக் காடி வெட்டிவிட்டு அதைச் சிமென்டால் மூடினால், அந்தக் கோட்டில் மட்டும் ஈரம் வெளியேற முடியாமல் பக்கத்துக் காரைக்குள் தேங்கும். கடற்கரை ஊரில் அந்த ஈரத்தோடு உப்பும் சேர்ந்திருக்கும். உப்பு படிகமாகும்போது காரையைத் தள்ளி உதிர்க்கும். ஓரிரு மழைக்காலத்தில் சிமென்டுக் கோட்டின் இருபுறமும் பூச்சு பொரிந்து விழுவது இதனால்தான். வெட்டிய காடியைச் சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையாலேயே மூட வேண்டும். ஈரச் சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும். ஆகவே அலுமினியப் பொருள்களை அதனுள் பதிக்கலாகாது.

காடியை நேர்க்குத்தாக வெட்டுவதே நல்லது. சுவரின் குறுக்கே நீளமாக வெட்டினால் மேலிருந்து இறங்கும் பளுவைத் தாங்கும் அகலம் அந்த மட்டம் முழுவதும் குறைந்துவிடும். முடிந்தவரை வெட்டாமல் இருப்பது இன்னும் நல்லது என்பது என் கருத்து. கம்பியைக் குழாயில் இட்டு உத்தரத்தின் மேல்விளிம்பை ஒட்டிக் கொண்டுபோனால் கீழே நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. மற்ற இடங்களில் மரக் கேசிங்கைப் புதிதாகச் செய்து பொருத்தலாம். பார்க்கும்படி ஓடும் கம்பி நேராகவும் ஒழுங்காகவும் இருந்தால் அது வீட்டுக்குக் குறைவு ஆகாது. பிற்காலத்தில் மாற்ற வேண்டுமானாலும் சுவரைத் தொடாமல் கழற்றிவிடலாம்.

கூரை இன்னும் கவனத்துக்குரியது. தட்டைக் கூரைகள் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் என்னும் முறையில் கட்டப்பட்டவை. தேக்குச் சட்டங்களுக்கு மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் காரையால் பிணைத்து, அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, தட்டோடு பாவுவார்கள். சட்டங்களுக்கு இடையே இருப்பது ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்து நிற்கும் செங்கல் அடுக்கு மட்டுமே. அதில் துளையிட்டு விளக்கோ விசிறியோ தொங்கவிடக்கூடாது. பளுவான தொங்குவிளக்கை உத்தரத்தில்தான் மாட்ட வேண்டும். அதிலும் உத்தரத்தின் அடிப்பக்கத்தை வெட்டலாகாது. வளையும் உத்தரத்தில் கீழ்ப்புறம் இழுவிசையைத் தாங்குகிறது. அங்கே விழும் வெட்டு அதன் வலுவை நேரடியாகக் குறைக்கும். உத்தரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு அதில் கொக்கி அமைப்பது பாதுகாப்பானது. கடற்காற்றுக்கு இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் துருவேறா எஃகுப் பட்டையே நெடுநாள் நிற்கும்.

பொய்க்கூரை அடித்து அதில் குழிவிளக்குகள் பதிப்பது இப்போது பரவிவரும் வழக்கம். பழைய வீட்டில் இதைத் தவிர்க்க வேண்டும். கூரையின் அழகு மறைவது ஒரு புறம் இருக்கட்டும். மேலே கசியும் நீரும் சட்டத்தை அரிக்கும் கரையானும் பொய்க்கூரைக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் வளரும். 2014 நவம்பர் இறுதியில் பெய்த மழையில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலிருந்த பழைய மேரி கட்டடம் இடிந்து விழுந்ததை இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள். பராமரிப்பில்லாத பழைய கட்டடத்துக்கு நீர் எவ்வளவு பெரிய பகை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். கூரைக் கசிவை அடைக்காத வீட்டில் விளக்கு வேலையைத் தொடங்குவது பணத்தை நீரில் போடுவதே.

ஓட்டுத் தாழ்வாரத்தில் வேறொரு தொல்லை உண்டு. ஓட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே அணிலும் எலியும் குடியிருக்கும். இவை பிவிசி உறையைக் கடித்துத் துண்டாக்கிவிடும். அங்கே கம்பியைத் தனியே விடாமல் கெட்டியான குழாய்க்குள் இட வேண்டும். இணைப்புகள் மூடியுள்ள பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

பாதுகாப்பு ஏற்பாடுகள்

இந்தியாவில் வீட்டு மின்வழங்கல் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். விளக்குகளுக்கு 1.5 ச.மி.மீ. செம்புக் கம்பியும் பிளக்குகளுக்கு 2.5 ச.மி.மீ. கம்பியும் பொதுவாகப் பயன்படுகின்றன. விளக்குச் சுற்று ஒவ்வொன்றுக்கும் தனி எம்சிபி வேண்டும். விளக்குச் சுற்றில் குளிர்பதனப் பெட்டியைச் செருகக்கூடாது.

பழைய வீடுகளில் பெரும்பாலும் நில இணைப்பு, அதாவது எர்த், இருப்பதில்லை. குடிநீர்க் குழாயில் எர்த் கம்பியைக் கட்டிவிடும் பழக்கம் ஆபத்தானது. குழாயில் எங்கோ ஓரிடத்தில் பிளாஸ்டிக் துண்டு சேர்த்திருந்தால் அந்த இணைப்பு பெயரளவுக்குத்தான். முறையான எர்த் குழியைக் கொல்லையில், சுவரின் அடித்தளத்திலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளித் தோண்ட வேண்டும். கொல்லை இல்லாத வீட்டில் முற்றத்தின் ஒரு மூலை உதவும்.

அடுத்தது ஆர்சிசிபி. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் கருவி இது. 30 மில்லிஆம்பியர் அளவில் கசிவு தெரிந்தால் நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கசிந்த மின்சாரம் ஒருவர் உடல்வழியே போனாலும் இது துண்டிக்கும் என்பதால் உயிர்காக்கும் கருவி என்றே சொல்லலாம். ஆனால் அதிகச் சுமையை இது பொருட்படுத்தாது. அதற்கு எம்சிபிதான் வேண்டும். பழைய வீட்டில் இதைப் பொருத்தியதும் மழைநாளில் அடிக்கடி விழும். வீட்டாருக்கு எரிச்சல் வரும். கருவியைத் தவிர்த்து நேர் இணைப்புக் கொடுத்துவிட்டுப் போகிற பணியாளர்களும் உண்டு. கருவி விழுவது குற்றமன்று. ஈரச் சுவரில் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று அது சொல்கிறது. கசியும் சுற்றை ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு சுற்றுகள் ஒரே நியூட்ரலைப் பங்கிட்டுக்கொண்டிருந்தாலும் இது விழும். பழைய வீடுகளில் அதுவும் மிகச் சாதாரணம்.

கையிருப்பு குறைவாக இருந்தால் எர்த், ஆர்சிசிபி, எம்சிபி ஆகியவற்றுக்கே முதலில் செலவிட வேண்டும். விளக்குகள் பிறகு வரலாம்.

2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த பெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை பெய்து வீதிகளில் வெள்ளம் நின்றது. மீட்டரையும் சுவிட்சுப் பலகையையும் பிளக்குகளையும் தரையிலிருந்து நன்கு உயர்த்தி வைப்பது இவ்வூரில் கட்டாயம். நடையின் தரை தெருவைவிடத் தாழ்ந்துவிட்ட வீடுகளில் இது இன்னும் முக்கியம். தெருவுக்கு மேல்மேல் தார் போட்டதால் அப்படித் தாழ்ந்த வீடுகள் பல.

விளக்கும் நிறமும்

60 வாட் குண்டுபல்பு தரும் வெளிச்சத்தை 7 முதல் 9 வாட் எல்இடி தந்துவிடும். பழைய பல்பு தான் வாங்கும் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும். மரத்துக்கு அருகில் வைக்க எல்இடியே ஏற்றது. வாங்கும்போது வாட்டைவிட லூமெனைப் பார்க்க வேண்டும்.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் அளவால் குறிப்பார்கள். 2700 முதல் 3000 கெல்வின்வரை உள்ள ஒளி மஞ்சள் கலந்தது. தேக்கும் சுண்ணாம்புச் சுவரும் அதில் தம் இயல்பான நிறத்தில் தெரியும். 6500 கெல்வின் வெள்ளொளியில் அதே தேக்கு சாம்பல் பூத்ததுபோல் வெளிறிவிடும். படிக்கும் மேசைக்கும் அடுப்படிக்கும் 4000 கெல்வின் பொருத்தம். வீடு முழுவதும் ஒரே நிறம் வேண்டும் என்று விதி ஏதுமில்லை.

குத்துவிளக்கும் அகலும் மாடக்குழி விளக்கும் எரிந்த காலத்தில் ஒளி தாழ்வான இடத்திலிருந்து வந்தது. தூணின் கடைசலும் கதவின் செதுக்கு வேலையும் அந்த ஒளிக்காகவே செய்யப்பட்டவை போலிருக்கும். சுவர் உச்சியில் ஒரு நீள டியூப்லைட்டை மாட்டினால் எல்லாம் தட்டையாகத் தெரியும். உள்தாழ்வாரத்தில் உத்தரத்தின் மேல்புறம் மறைவாக எல்இடி பட்டையை வைத்து ஓட்டின் அடிப்பக்கத்தை நோக்கித் திருப்பினால், ஒளி திரும்பி மெதுவாகக் கீழே இறங்கும், கண் கூசாது. மாடக்குழியில் சிறு விளக்கு வைக்கலாம். கார்த்திகைக்கு அதே மாடத்தில் அகல் ஏற்றுகிற வீடு என்றால் மின்கம்பி அதற்குள் போகவே கூடாது. வாசற்படிக்குக் காலளவு உயரத்தில் ஒரு சிறு விளக்கு இரவு முழுவதும் எரியட்டும். மாடிப்படிக்கு இருவழிச் சுவிட்சு, ஒன்று கீழே, ஒன்று மேலே. சுவரில் கம்பி இறக்க வழியே இல்லாத இடத்தில் கம்பியில்லாச் சுவிட்சு உதவும்.

பங்காளிகள் வீடு

தமிழர் பகுதி வீடுகள் பலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாழ்கின்றன. சொத்து பாகம் பிரிந்திருக்கும், அல்லது பிரியாமலே வழக்கில் கிடக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மீட்டர். நடைக்கும் முற்றத்துக்கும் திண்ணைக்கும் மட்டும் யார் மீட்டரிலிருந்தும் கம்பி போகாது. கட்டணம் மாதத்துக்குச் சில ரூபாய்தான். ஆனால் யார் கட்டுவது என்பதில் தொடங்கிய பேச்சு முடிந்தபாடில்லை. எல்லோரும் நடக்கும் இடமே வீட்டில் மிக இருண்ட இடமாக இருக்கிறது. சூரியஒளியில் மின்னேற்றும் மின்கல விளக்கு இங்கே நல்ல தீர்வு. முற்றத்துக்கு மேல் வெயில் விழும் இடத்தில் சிறு தகடு, நடையில் அசைவை உணர்ந்து எரியும் விளக்கு. எந்த மீட்டரையும் தொடாததால் யாருக்கும் கணக்கு வைக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மின்கலத்தை மாற்றும் செலவை மட்டும் முன்னதாகப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

தெருவைப் பார்த்த திண்ணை விளக்கு மழைச்சாரலைத் தாங்கும் மூடிய வகையாக இருக்க வேண்டும். கம்பியை முகப்பின் சுதை வேலைப்பாட்டின் மேல் ஆணியடித்துக் கொண்டுபோகாமல் தாழ்வாரச் சட்டத்தை ஒட்டி இழுக்க வேண்டும்.