லொறியின் மூச்சைக் குளிர்விக்கும் பெட்டி

கப்பல்துறைப் பக்கம் கண்டி வீதியோரத்தில் சற்று நேரம் நின்றால், சீமெந்தும் கோதுமை மாவும் சுமந்த லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் காணலாம். அவற்றுட் சிலவற்றின் உடலில் ‘டர்போ இண்டர்கூலர்’ என்னும் சொற்கள் எழுதப்பட்டிருக்கும். அவற்றைப் படிக்கும் நம்மில் எத்தனை பேர் பொருளறிந்து படிக்கிறோம்? நாமும் நெடுநாள் அறியாதவராகவே இருந்தோம். நண்பர் ஒருவருக்கு நேர்ந்த இடரே நம்மை அறியச் செய்தது.

அந்நண்பரின் குடும்பத்துக்குச் சோறு போடுவது ஒரேயொரு லொறி. அதுவும் கடனில் வாங்கியது. ஒரு நாள் அது ஏற்றத்தில் இழுக்க மறுத்தது. கரும்புகை கக்கிற்று, டீசலையும் அளவுக்கு மீறிக் குடித்தது. எஞ்சினைப் பிரித்தே ஆகவேண்டும் என்று ஒரு பட்டறையிற் கூறிவிட்டார்கள். மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போக ஆயத்தமாயிற்று. அவ்வேளையில் முதிய மெக்கானிக் ஒருவர் வந்து, “எஞ்சினைத் தொடாதே தம்பி, அதற்கு மூச்சு முட்டுகிறது” என்றார்.

அஃது என்ன மூச்சு? எஞ்சினுக்குள் எரிவது டீசல் மட்டுமன்று. டீசலும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்தே எரிகின்றன. காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரித்துக் கூடுதல் வலுவைப் பெறலாம். வீணே வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதனோடு ஒரே தண்டிற் பொருத்திய மற்றொரு சக்கரத்தினாற் காற்றை அமுக்கி உள்ளே செலுத்துவதே டர்போவின் தொழில். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

ஆனால் இதில் ஓர் இடைஞ்சல் உண்டு. சைக்கிளுக்குக் காற்றடித்த பின் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அமுக்கப்பட்ட காற்று சூடேறும் என்பது இயற்கை விதி. 30 பாகை வெப்பமுள்ள நம்மூர்க் காற்றை டர்போ இருமடங்கு அமுக்கத்துக்குக் கொண்டுவந்தால், அதன் வெப்பம் ஏறத்தாழ 125 பாகைக்கு உயரும். சூடேறிய காற்று விரியும். ஆகவே அதே இடத்துக்குள் குறைந்த அளவு காற்றே அடங்கும். ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பறிப்பது போன்ற நிலை இது. பெற்றோல் எஞ்சினிலோ, வேளைக்கு முந்திய எரிதலால் ‘தட்டல்’ உண்டாகி உறுப்புகளே கெடலாம்.

இவ்விடைஞ்சலை நீக்குவதே இண்டர்கூலர். பார்வைக்கு ரேடியேட்டரைப் போன்றது. மெல்லிய தகடுகள் செறிந்த குழாய்களின் உள்ளே சூடான காற்று செல்ல, வெளியே எதிர்க்காற்று வீசி வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. 125 பாகைக் காற்றை 57 பாகைக்கு இறக்கினால், அமுக்கம் குறையாதவரை, ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான காற்று எஞ்சினுட் புகும்.

இக்கருவிக்கும் நம் பகுதிக்கும் பழைய உறவொன்று உண்டு. 1944 ஆகஸ்ட் 10ஆம் நாள் சீனன்குடா விமானத்தளத்திலிருந்து 54 அமெரிக்க பி-29 விமானங்கள் சுமத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலையை நோக்கிப் புறப்பட்டன. போய்வரும் தூரம் 3,800 மைலுக்கும் அதிகம். இலக்குப் பகுதியை அடைந்தவை 39. எரிபொருள் தீர்ந்து ஒன்று கடலில் இறங்கிற்று. ஒவ்வொரு விமானத்துக்கும் நான்கு எஞ்சின்கள். ஒவ்வோர் எஞ்சினுக்கும் இரண்டு டர்போக்கள். டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்வித்த பின்னரே, எஞ்சினிலிருந்த மற்றோர் அமுக்கியிடம் ஒப்படைத்தார்கள். இரண்டு அமுக்கங்களுக்கும் இடையில் நின்று குளிர்விப்பதாலேயே ‘இடைக்குளிர்விப்பான்’ என்னும் பொருள்பட அப்பெயர் வந்தது.

மோட்டார்க் கார்களுக்கு இது பின்னரே வந்து சேர்ந்தது. 1962இல் வெளிவந்த ஒல்ட்ஸ்மொபில் ஜெட்பயர் காரில் டர்போ இருந்தது, இண்டர்கூலர் இல்லை. தட்டலைத் தடுக்க, நீரும் மெதனோலும் கலந்த திரவத்தை உள்ளே தெளித்தார்கள். அது தீர்ந்தால் மீண்டும் நிரப்பவேண்டும்; பலர் மறந்தார்கள். 1978இல் போர்ஷே 911 டர்போ காரின் பின்புற இறக்கையின் கீழே இண்டர்கூலர் இடம்பெற்றது. இன்று டர்போ உள்ள பெரும்பாலான வாகனங்களில் அதுவும் உண்டு.

இனி நண்பரின் லொறிக்கு வருவோம். முதியவர் எஞ்சினை ஓடவிட்டு, டர்போவிலிருந்து இண்டர்கூலருக்குச் செல்லும் இறப்பர்க் குழாய் நெடுகச் செவி கொடுத்தார். ஓரிடத்தில் ‘உஸ்’ என்னும் சீறல் கேட்டது. குழாயின் அடிப்புறத்தில் விரலளவு வெடிப்பு! அமுக்கிய காற்று அவ்வழியே வெளியேற, போதிய காற்றின்றி டீசல் அரைகுறையாக எரிந்து கரும்புகையாயிற்று. புதிய குழாயும் இரண்டு கிளிப்புகளும் பூட்டிய அன்றே லொறி பழையபடி ஏற்றம் ஏறிற்று.

லொறியோ காரோ வைத்திருப்போர் இதை மனத்திற் கொள்வது நன்று. வண்டி திடீரென வலுவிழந்தால், எஞ்சினைப் பிரிக்குமுன் இக்குழாய்களையும் கிளிப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள். இண்டர்கூலரின் தகடுகளில் அடைந்த சேற்றையும் பூச்சிகளையும் மெதுவான நீரினாற் கழுவுங்கள். வேகமாகப் பாய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். குழாயினுள் எண்ணெய் தேங்கியிருந்தால் டர்போவையும் சோதிக்கவேண்டும்.

நண்பரின் மனைவி கழுத்தில் அச்சங்கிலி இன்றும் இருக்கிறது. அதனைக் காத்தது ஒரு முதியவரின் கூர்த்த செவி. வீதியில் ‘டர்போ இண்டர்கூலர்’ என்ற எழுத்தைக் காணும்போதெல்லாம் நமக்கு அவர் நினைவே வருகிறது.