பதிவு வகுப்பு (நிரலாக்கம்)

பதிவு வகுப்பு என்பது, ஒரு மென்பொருள் இயங்கும்போது அதனுள் நடப்பவற்றை நேரக்குறிப்புடன் செய்திகளாக எழுதி வைக்கப் பயன்படும் வகுப்பு ஆகும். நிரலாளர்கள் பேச்சு வழக்கில் இதை 'லாகர்' என்றும், அது எழுதும் கோப்பை 'லாக்' என்றும் சொல்வர். லாக் என்பது கப்பலோட்டிகளின் சொல். முடிச்சிட்ட கயிற்றில் மரக்கட்டையைக் கட்டிக் கடலில் வீசி, ஓடிய கயிற்றைக் கொண்டு கப்பலின் வேகத்தைக் கணித்து ஏட்டில் எழுதினர். கட்டையின் பெயர் பின்னர் அந்த ஏட்டுக்கும் ஆகிவந்தது.

தேவை

நிரலாக்கம் கற்கத் தொடங்குவோர் பெரும்பாலும் 'பிரிண்ட்' கட்டளையைக் கொண்டே வழுக்களைத் தேடுகின்றனர். கண்முன் ஓடும் சிறு நிரலுக்கு அது போதும். வழங்கியில் இரவு பகலாக ஓடும் நிரலின் திரையை யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு பேருந்து முன்பதிவுத் தளத்தில் இரவு 2 மணிக்கு ஒருவரின் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, பயணச்சீட்டு வரவில்லை. காலையில் புகார் வரும்போது வழங்கி வழக்கம்போல இயங்கிக்கொண்டிருக்கும்; அதே தவறை மீண்டும் வரவழைக்க முடியாது. வங்கியிடமிருந்து மறுமொழி வந்ததா, வந்தபின் இருக்கை ஒதுக்குவதில் தடங்கலா என்பதைச் சொல்ல லாக் கோப்பு மட்டுமே இருக்கும். அதில் 'பிழை ஏற்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தால் அதனால் பயன் ஒன்றுமில்லை. எந்த முன்பதிவு எண், எந்தப் படிநிலை, வங்கி தந்த குறியீடு எது என்பவை இருந்தால்தான் தேட முடியும்.

நிலைகள்

ஒவ்வொரு செய்திக்கும் ஒரு முக்கியத்துவ நிலை உண்டு. பைத்தான் மொழியின் 'லாகிங்' நிரற்கூறில் டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50 என எண்கள் தரப்பட்டுள்ளன. குறிப்பிட்ட நிலைக்குக் கீழுள்ள செய்திகளை வகுப்பு எழுதாமல் விட்டுவிடும். சோதனையின்போது டீபக் நிலையிலும், பயன்பாட்டுக்கு வந்தபின் இன்ஃபோ அல்லது வார்னிங் நிலையிலும் வைத்தால், நிரலின் ஒரு வரியையும் மாற்றாமல் பதிவின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். பிரிண்ட் கட்டளையில் இது இயலாது.

பைத்தானில் எதையும் அமைக்காவிட்டால் வார்னிங் நிலையே நடப்பில் இருக்கும். இன்ஃபோ செய்தி எழுதியும் திரையில் ஒன்றும் வரவில்லையே என்று புதியவர்கள் திகைப்பது இதனால்தான். எந்த நிலையைத் தேர்வது என்பதும் எளிதன்று. பயனர் கடவுச்சொல்லைத் தவறாகத் தட்டியதையெல்லாம் எரர் என்று எழுதும் நிரலில், உண்மையான எரர் வரும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அமைப்பு

பைத்தானின் இந்த நிரற்கூறு பெப் 282 என்ற முன்மொழிவின் வழியாக வந்து, 2003இல் வெளியான 2.3 பதிப்பில் சேர்ந்தது. ஜாவா உலகின் லாக்ஃபோர்ஜே முதலிய நிரலகங்களின் தாக்கம் இதில் வெளிப்படை. பைத்தான் வழக்கப்படி அடிக்கோடிட்டு எழுதாமல் 'கெட்லாகர்' எனச் சொற்களை ஒட்டி எழுதும் பெயர்கள் இன்றும் அப்படியே உள்ளன.

இதில் லாகர் செய்தியைப் பெறுகிறது. கையாளி அதைத் திரைக்கோ கோப்புக்கோ வலையமைப்புக்கோ அனுப்புகிறது. வடிவமைப்பான் நேரம், நிலை, செய்தி ஆகியவற்றை ஒரே வரியாகக் கோக்கிறது. செய்தி எங்கே போகும் என்பதை நிரலின் பிற பகுதிகள் அறிய வேண்டியதில்லை.

லாகர்களின் பெயர்கள் புள்ளியால் பிரிக்கப்பட்டு, தாய்–சேய் உறவில் அமைகின்றன. 'கடை.கட்டணம்' என்ற லாகருக்கு 'கடை' தாய். எல்லாவற்றுக்கும் மேலே வேர் லாகர். சேய்க்கு வந்த செய்தி தாயின் கையாளிகளுக்கும் ஏறிச் செல்லும். இதை அறியாமல் இரண்டிடத்திலும் கையாளி வைப்பவருக்கு ஒவ்வொரு செய்தியும் இரண்டு முறை வரும். ஒரே பெயரில் எத்தனை முறை கேட்டாலும் ஒரே லாகர்தான் கிடைக்கும் என்பதால், கையாளி சேர்க்கும் வரி திரும்பத் திரும்ப ஓடினாலும் இதே தொல்லை நேரும்.

விதிவிலக்கைப் பிடிக்கும் பகுதியில் 'எக்ஸெப்ஷன்' என்ற செயற்கூறை அழைத்தால், தவறு எந்த வரியில், எந்த அழைப்புகளின் வழியே நேர்ந்தது என்ற முழுத் தடமும் செய்தியுடன் சேரும். வழுத் தேடலில் இந்த ஒரு வசதி பல மணி நேரத்தை மிச்சமாக்கும்.

பாதுகாப்பு

லாக் கோப்பை நிரலாளர், பராமரிப்பாளர் எனப் பலர் திறப்பர்; அதன் நகல்களும் பல இடங்களில் இருக்கும். எனவே கடவுச்சொல், அட்டை எண் போன்றவை அதற்குள் செல்லக் கூடாது. 2018 மே மாதம் டுவிட்டர் நிறுவனம் தன் பயனர்கள் சுமார் 33 கோடிப் பேரையும் கடவுச்சொல்லை மாற்றுமாறு கேட்டுக்கொண்டது. கடவுச்சொற்கள் மறையுருவாக மாற்றப்படும் முன்பே ஒரு வழுவால் உள் லாக் ஒன்றில் எழுதப்பட்டிருந்தன. அவை வெளியே கசிந்ததற்கான அறிகுறி இல்லை என அந்நிறுவனம் தெரிவித்தது.

வெளியிலிருந்து வரும் உரையை எழுதும்போது இன்னொரு சிக்கல் உண்டு. பயனர் பெயருக்கான இடத்தில் ஒருவர் புதுவரிக் குறியைச் சேர்த்து அனுப்பினால், லாக்கில் போலியான ஒரு வரியையே உருவாக்கிவிட முடியும். இதைவிடக் கொடியது 2021 டிசம்பரில் வெளிப்பட்ட லாக்ஃபோர்ஷெல். லாக்ஃபோர்ஜே நிரலகத்தின் இரண்டாம் தலைமுறைப் பதிப்புகள், செய்தியில் டாலர் குறியும் நெளிவு அடைப்பும் கொண்ட சில தொடர்களைக் கண்டால் அவற்றை வெறும் எழுத்தாகக் கொள்ளாமல், அதில் குறித்த முகவரியைத் தொடர்புகொண்டன. அங்கே தாக்குபவர் வைத்த நிரல் வழங்கியில் இயங்க வழி பிறந்தது. மைன்கிராஃப்ட் விளையாட்டின் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டுவதே தாக்குதலுக்குப் போதுமானதாக இருந்தது. இந்த வழுவின் கடுமைக்கு 10க்கு 10 மதிப்பெண் தரப்பட்டது. அதே மாதத்தில் வந்த 2.15.0 பதிப்பின் திருத்தமும் முழுமையாக அமையாததால், 2.16.0 பதிப்பில் செய்திக்குள் முகவரி தேடும் அந்த வசதியே நீக்கப்பட்டது.

கோப்பின் அளவு

கவனிக்காமல் விட்டால் லாக் கோப்பு வளர்ந்து வட்டை நிரப்பி, கண்காணிக்க வேண்டிய நிரலையே நிறுத்திவிடும். இதற்காகப் பைத்தானில் சுழல் கையாளி உள்ளது. குறித்த அளவை எட்டியதும் கோப்புக்கு எண்ணிட்டு ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்கும். எண்ணிக்கை மிஞ்சினால் மிகப் பழையது அழிக்கப்படும். ஆனால் பல செயலாக்கங்கள் ஒரே கோப்பில் எழுதும் இடத்தில் இதை நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது. அங்கே எல்லாச் செய்திகளையும் ஒரு வரிசையில் சேர்த்து, ஒரு செயலாக்கம் மட்டும் கோப்பில் எழுதுமாறு அமைப்பர்.