பத்துக்குப் பன்னிரண்டு கூடத்தில் மிருதங்கம்

பம்பாய் மாட்டுங்காவின் சண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்டுவிட்டு வருகிறவருக்கு, அதே மிருதங்கம் வீட்டிலும் அப்படி ஒலிக்காதா என்ற ஏக்கம் வரும். 1963இல் திறந்த அந்த அரங்கில் 2,700க்கும் மேற்பட்ட இருக்கைகள். நம் வீடோ, தாராவியானாலும் செம்பூரானாலும், பலருக்கும் ஒன் ரூம் கிச்சன்தான். மிஞ்சினால் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு கூடம். கையில் 30,000 ரூபாயோடு லாமிங்டன் ரோட்டு மின்னணுக் கடைகளுக்குப் போனால் எதை வாங்குவது?

என் பதில்: டாக்கில் மிச்சம் பிடியுங்கள், ஸ்பீக்கரில் செலவழியுங்கள்.

டாக் என்பது எண்களை மின்னலையாக மாற்றும் சில்லு. சி.டி. தரத்தில், ஒலியலையின் உயரம் விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வொரு அளவும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. மனிதக் காதுக்கு எட்டும் உச்சம் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அதில் இரு மடங்குக்குச் சற்று மேல் அளந்தாலே அலையை முழுமையாக மீட்டுவிடலாம் என்பது கணிதம். 1982இல் ஜப்பானில் முதல் சி.டி. பிளேயர் விற்பனைக்கு வந்தபோது இது அரிய வித்தை. இன்று விரல் நீள டாங்கிள் ஒன்று, ஆயிரம் சொச்சம் ரூபாயில், அதைப் பிசகில்லாமல் செய்கிறது. பெட்டியின் மேல் 192, 384 கிலோஹெர்ட்ஸ் என்று அச்சிட்ட எண்களுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. ஃபேன் சுற்ற, ஜன்னலுக்கு வெளியே லோக்கல் ரயில் கடக்கும் வீட்டில், சி.டி.யின் 96 டெசிபல் வீச்சே அதிகம்.

ஸ்பீக்கர் கதை வேறு. காந்தம், கம்பிச்சுருள், கூம்பு என்று அது இன்னமும் அசைந்து உழைக்கும் இயந்திரம். நல்ல டாக்கில் பிசிறு 0.001 சதவீத அளவில் இருக்கும். சிறிய ஸ்பீக்கரிலோ தாழ்ந்த ஒலிகளில் 1 சதவீதத்தை எளிதாகத் தாண்டும். காது உணரும் வித்தியாசம் இங்கேதான். 30,000இல் 20,000ஐ ஸ்பீக்கருக்கு ஒதுக்கினாலும் தவறில்லை. மீதியில் ஆம்பும் டாங்கிளும் அடங்கிவிடும்.

அறையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே பத்தடி என்றால், 56 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி தேங்கி அதிரும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும்கி குழம்பும், இரும்பு பீரோ கடகடக்கும். அதனால் சின்ன வீட்டுக்குச் சப்வூஃபர் வேண்டாம். ஐந்து அங்குல வூஃபர் போதும். மூலையில் வைக்காமல், சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி, காது உயரத்தில் வையுங்கள். காசு செலவில்லாத இந்த ஒரு வேலை தரும் பலனை விலையுயர்ந்த எந்த ஒயரும் தராது.

பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் வளையம் வயதாக ஆகப் பொடிந்து உதிரும். பம்பாய் மழைக்கால ஈரம் அதை இன்னும் விரைவுபடுத்தும். ரப்பர் வளையம் வெகுநாள் உழைக்கும்.

கடைக்குப் போகும்போது, உங்களுக்கு மனப்பாடமான ஒரு கச்சேரிப் பதிவை எடுத்துப் போங்கள். வலந்தலையின் கணீரும் தொப்பியின் ஆழமும் தனித்தனியே கேட்கிறதா, தம்புரா பின்னால் இடைவிடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். போட்டுக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.