நுண்ணுலகைக் காணும் கண்

ஐம்பொறிகளுள் கண்ணே தலையாயது என்பர். ‘என் கண்ணாரக் கண்டேன்’ என்று ஒருவர் கூறிவிட்டால், அதற்கு மேல் சான்று தேடுவார் இலர். ஆயினும், அக்கண்ணின் ஆற்றலும் ஓர் எல்லைக்கு உட்பட்டதே. ஒரு மில்லிமீட்டரைப் பத்துக் கூறாக்கினால், அதில் ஒரு கூற்றினும் நெருங்கியுள்ள இரு புள்ளிகள் நமக்கு ஒன்றாகவே தோன்றும். ஒரு துளிக் குருதியில் கோடிக்கணக்கான சிவப்பணுக்கள் மிதக்கின்றன. நம் கண்ணுக்கோ அது வெறுஞ் செந்நீராகவே காட்சியளிக்கிறது. இக்குறையைப் போக்குதற்கு எழுந்த கருவியே நுண்ணோக்கி. அது வளர்ந்த வரலாறு, இயற்கை எழுப்பிய மதில் ஒன்றின்முன் மனிதன் நின்று, அதைக் கடக்க வழி கண்ட வரலாறாகும்.

ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்னும் நகரில் துணி வாணிகம் செய்து வந்தவர் ஆண்டனி வான் லீவன்ஹூக். அவர் பல்கலைக்கழகத்திற் பயின்றவர் அல்லர். ஆனால், கண்ணாடியைத் தேய்த்துச் சிறு வில்லைகள் செய்வதில் அவருக்கு இணையாவார் அக்காலத்தில் எவரும் இலர். 1674ஆம் ஆண்டில் அவர் ஏரி நீரைத் தம் வில்லையின் வழியே நோக்கினார். தெளிந்த நீரென எண்ணிய அதனுள், எண்ணிறந்த சிற்றுயிர்கள் துள்ளித் திரிவதைக் கண்டு வியந்தார். தாம் கண்டவற்றை இலண்டனிலிருந்த அறிஞர் கழகத்திற்கு எழுதினார். முதலில் பலர் ஐயுற்றனர். 1677ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் என்னும் அறிஞர் தாமே நோக்கி, அவர் கூற்று மெய்யென உறுதி செய்தார்.

இச்சிற்றுயிர்களுள் சில மனிதனைக் கொல்லும் பகைவர்கள் என்பது பின்னரே புலனாயிற்று. 1882ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவராகிய இராபர்ட் காக், காசநோய்க்குக் காரணமான நுண்ணுயிரைச் சாயமூட்டி நுண்ணோக்கியிற் கண்டு, உலகுக்கு அறிவித்தார். பகைவன் இன்னான் என்று அறிந்த பின்னரே அவனை வெல்லும் வழியை வகுத்தல் இயலும் அன்றோ?

ஆனால், எல்லாப் பகைவரும் இவ்வாறு கண்ணிற் பட்டுவிடவில்லை. கால்நடைகளைத் தாக்கும் கோமாரி, குழந்தைகளை முடமாக்கும் இளம்பிள்ளைவாதம் போன்ற நோய்களின் காரணங்கள் நுண்ணோக்கியிற் புலப்படவேயில்லை. பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் பீங்கான் வடிகட்டியையும் அவை எளிதிற் கடந்து சென்றன. எத்துணைச் சிறந்த வில்லையைப் பொருத்தினும் அவற்றைக் காண இயலவில்லை. குறை வில்லையில் இல்லை, ஒளியிலேயே இருந்தது.

இதனை விளக்கமாகக் காண்போம். ஒரு பொருளைப் பெரிதாக்கிக் காட்டுவது வேறு. அதன் கூறுகளைப் பிரித்துக் காட்டுவது வேறு. இரவில் நெடுஞ்சாலையில் தொலைவிலிருந்து பேருந்து ஒன்று வருகிறது. முதலில் ஒரே ஒளிப்புள்ளி தோன்றுகிறது. அண்மையில் வரவரத்தான் அவை இரண்டு விளக்குகள் என அறிகிறோம். தொலைவில் தோன்றிய அந்த ஒற்றைப் புள்ளியைப் படமெடுத்து எவ்வளவு பெரிதாக்கினாலும், அது பெரியதொரு மங்கலாகுமேயன்றி இரண்டாகப் பிரியாது. நுண்ணோக்கியின் உண்மையான ஆற்றல், பெருக்குவதிலன்று, இவ்வாறு பிரித்துக் காட்டுவதிலேயே உள்ளது.

ஒளி அலை அலையாகச் செல்வது. பருத்த தூரிகையைக் கொண்டு நுண்ணிய சித்திரம் வரைதல் இயலுமோ? அதுபோலவே, தன் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதிக்கும் குறைவான இடைவெளிகளை ஒளியாற் பிரித்துக் காட்ட இயலாது. எர்ன்ஸ்ட் அபே என்னும் ஜெர்மானிய அறிஞர் 1873ஆம் ஆண்டில் இவ்விதியை நிறுவினார். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்ரான் என்பர். ஒளி நுண்ணோக்கியின் எல்லை ஏறத்தாழ 0.2 மைக்ரான். இளம்பிள்ளைவாதத்தை உண்டாக்கும் வைரஸின் குறுக்களவோ 0.03 மைக்ரானே. ஆகவே, அது மதிலுக்கு அப்பால் மறைந்து நின்றது. அபே கண்ட விதியின் சூத்திரம், ஜெனா நகரில் உள்ள அவருடைய நினைவுச் சின்னத்தில் கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஒளியாற் காண இயலாதாயின், ஒளியைவிட நுண்ணிய அலை வேறொன்றால் காணலாகாதோ? விரைந்து செல்லும் எலக்ட்ரான்களுக்கும் அலைத்தன்மை உண்டு. அவற்றின் அலைநீளம் ஒளியின் அலைநீளத்தைவிட இலட்சம் மடங்கு சிறிதாகவும் இருத்தல் கூடும். 1931ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் எர்ன்ஸ்ட் ருஸ்கா, மாக்ஸ் க்னோல் என்னும் இருவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் முதல் வடிவத்தை அமைத்தனர். கண்ணாடி வில்லைக்கு மாற்றாக, எலக்ட்ரான் கற்றையை வளைத்துக் குவிக்கும் காந்தச் சுருள்கள் அதில் அமைந்தன. ருஸ்காவின் இளவல் ஹெல்முட் ஒரு மருத்துவர். அவரும் அவருடைய துணைவர்களும் 1939ஆம் ஆண்டில் புகையிலைச் செடியைத் தாக்கும் வைரஸின் உருவத்தை இக்கருவியாற் படமெடுத்து வெளியிட்டனர். ஊகத்தால் மட்டும் அறியப்பட்டிருந்த பகைவன் சிறு கோல் வடிவில் காட்சி தந்தான். மூத்தவராகிய எர்ன்ஸ்ட் ருஸ்காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1986ஆம் ஆண்டில். அதாவது, 55 ஆண்டுகள் கழித்து!

ஆயினும், இவ்வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. எலக்ட்ரான்கள் காற்றில் சிதறிவிடும். ஆதலின், காணும் பொருளை வெற்றிடத்தில் வைத்தல் வேண்டும். அதற்காக உயிரணுவை உலர்த்தி, மிக மெல்லிய தகடாகச் சீவி, உலோக உப்புகளை ஏற்றுவர். இவற்றுக்குப் பின் அது உயிரோடிருத்தல் எங்ஙனம்? ஒளி நுண்ணோக்கியில் உயிர் இருந்தது, நுட்பம் இல்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நுட்பம் இருந்தது, உயிர் இல்லை. ‘நாயைக் கண்டால் கல்லைக் காணோம்; கல்லைக் கண்டால் நாயைக் காணோம்’ என்ற நிலையே அறிஞர்க்கு நேர்ந்தது.

இவ்விடரைத் தீர்க்க உதவிய பொருள் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. 1945ஆம் ஆண்டில் நாகசாகி நகரின்மேல் அணுகுண்டு வீழ்ந்தபோது, அதற்கு அண்மையிலிருந்த ஊர் ஒன்றில் வாழ்ந்தவர் ஒசாமு ஷிமோமுரா என்னும் 16 வயதுச் சிறுவர். குண்டின் ஒளி சில நொடிகள் அவர் பார்வையையே மறைத்தது. அச்சிறுவர் வளர்ந்து வேதியல் அறிஞராகி, மற்றோர் ஒளியைத் தேடி அமெரிக்கா சென்றார். கடலில் வாழும் ஜெல்லி மீன் ஒன்று பச்சை நிறமாக ஒளிர்வது ஏன் என்பதே அவர் எழுப்பிய வினா. 1961ஆம் ஆண்டுக் கோடையில் ஏறத்தாழ 10,000 ஜெல்லி மீன்களைத் திரட்டி ஆராய்ந்தார். அவற்றின் ஒளிரும் பொருள்களைப் பற்றி 1962ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையில், பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றும் இடம்பெற்றது.

அப்போது அதனால் விளையும் பயனை எவரும் அறிந்திலர். 1994ஆம் ஆண்டில் மார்ட்டின் சால்ஃபி என்பார், அப்புரதத்தை ஆக்கும் மரபணுவைச் சிறு புழுவினுள் செலுத்தினார். அப்புழுவின் சில நரம்பணுக்கள் உயிரோடிருக்கும்போதே பச்சையாக ஒளிர்ந்தன! ரோஜர் சியன் என்பார் வேறு பல நிறங்களில் ஒளிரும் புரதங்களையும் ஆக்கினார். மூவரும் 2008ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். கருவில் உறுப்புகள் உருவாவதையும், புற்றுநோய் அணுக்கள் இடம்விட்டு இடம் பரவுவதையும் உயிருள்ள உடலிலேயே கண்டறிய இவ்விளக்குகள் இன்று உதவுகின்றன.

உயிரணுவினுள் விளக்கேற்றியாயிற்று, மதில் மட்டும் அங்கேயே நின்றது. அதைக் கடந்த அறிஞருள் ஒருவர் எரிக் பெட்சிக். அவர் ஆராய்ச்சிப் பணியைத் துறந்து, தம் தந்தையின் இயந்திரத் தொழிற்சாலையில் சில ஆண்டுகள் உழைத்தவர். மீண்டும் அறிவியல் ஆர்வம் உந்த, 2005ஆம் ஆண்டில் தம் நண்பர் ஹாரல்டு ஹெஸ்ஸின் வீட்டுக் கூடத்திலேயே புதியதொரு நுண்ணோக்கியை அவருடன் சேர்ந்து அமைத்தார்.

அவர் கையாண்ட முறை எளியது. கார்த்திகைத் திருநாளில் ஒரு வீட்டின் முன் நெருக்கமாக ஏற்றிய அகல் விளக்குகளைத் தொலைவிலிருந்து நோக்கினால், அவை ஒரே ஒளித்திரளாகத் தோன்றும். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு வேளையில் ஒன்று மட்டும் எரியுமாறு செய்தால் என்னாகும்? ஒவ்வோர் ஒளியின் நடுவையும் தாளில் குறித்துக்கொண்டே வரலாம். முடிவில் எல்லா விளக்குகளின் இடங்களும் அத்தாளில் தெளிவாகப் பதிந்திருக்கும். ஒளிரும் புரதங்களையும் இவ்வாறே சிறிது சிறிதாக ஒளிரச் செய்து, ஆயிரக்கணக்கான படங்களை ஒன்று சேர்த்து, பெட்சிக் 2006ஆம் ஆண்டில் வெற்றி கண்டார். ஸ்டெஃபான் ஹெல் என்பார் ஓர் ஒளிப்புள்ளியின் ஓரங்களை வளையம் போன்ற மற்றோர் ஒளியால் அணைத்து, நடுவை மட்டும் எஞ்சவிடும் வேறொரு முறையை வகுத்திருந்தார். இவர்களும், தனி மூலக்கூற்றை முதன்முதல் ஒளியாற் கண்டறிந்த வில்லியம் மோர்னரும் 2014ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இதனால் விளைந்த பயன் யாது? நரம்பணுவின் நீண்ட இழையினுள், பீப்பாயைச் சுற்றியுள்ள பட்டைகளைப் போல, புரத வளையங்கள் வரிசையாக அமைந்திருப்பது 2013ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. வளையங்களின் இடைவெளி ஏறத்தாழ 0.19 மைக்ரான், பழைய எல்லைக்குச் சற்றே உட்பட்டது. நூறாண்டுக்கு மேலாக நரம்பை நோக்கி வந்த கண்களுக்கு அவை தப்பியதன் காரணம் இதுவே.

எலக்ட்ரான் நுண்ணோக்கியும் வளராமல் நின்றுவிடவில்லை. நீர் உறையும்போது உண்டாகும் பனிப்படிகங்கள் உயிர்ப்பொருளின் அமைப்பைக் குலைத்துவிடும். ஜாக் துபோஷே என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் 1980க்குப் பின், கடுங்குளிர்ச்சியுள்ள நீர்மத்தில் திடீரென ஆழ்த்தி, நீரைப் படிகமாகாமல் கண்ணாடி போல் இறுகச் செய்தார். அதனுள் புரதங்களும் வைரஸ்களும் தம் இயல்பான வடிவம் மாறாமல் நிற்கின்றன. அவற்றைப் பல்லாயிரம் படங்களெடுத்து, கணிப்பொறியால் இணைத்து முழுவடிவம் காண்கின்றனர். 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கொரோனா வைரஸ் பரவியபோது, மனித அணுவைப் பற்றிக்கொள்ள அது பயன்படுத்தும் முட்புரதத்தின் வடிவம் பெப்ருவரித் திங்களிலேயே இம்முறையால் வெளியாயிற்று. தடுப்பூசி ஆராய்ச்சிக்கு அது பெருந்துணை புரிந்தது.

மாணவர்களே! அபே கண்ட விதி பொய்யாகிவிட்டதா? இல்லை, இன்றும் அது மெய்யே. நெருங்கிய புள்ளிகள் ஒரே வேளையில் ஒளிர்ந்தால், எந்த ஒளி நுண்ணோக்கியும் அவற்றைப் பிரித்துக் காட்டாது. பின்வந்தோர் அவ்விதியை இகழவில்லை, ஆழ்ந்து கற்றனர். அது எந்நிலையிற் பொருந்தும், எந்நிலையிற் பொருந்தாது என்று ஆராய்ந்தனர். அங்கேதான் வாயில் இருந்தது. மதிலை முட்டி நிற்பவனுக்கு அது தடை. சுற்றி வந்து நோக்குபவனுக்கோ அதிலும் ஒரு வாயில் உண்டு.