ஒப்புமையும் உறவும்: சில ஆங்கிலப் பெயரடைகள் குறித்து

ஆங்கிலத் திறனாய்வு நூல்களைப் பயிலும் நம் மாணவர்கள் ‘சிமிலர்’, ‘அக்கின்’, ‘கொக்னேற்’, ‘அனலகஸ்’, ‘ஹொமொலகஸ்’ முதலிய பெயரடைகள் அனைத்தையும் ‘ஒத்த’, ‘தொடர்புடைய’ என்னும் இரு சொற்களுள் அடக்கிவிடுவதை நாம் அடிக்கடி காண்கின்றோம். இது வெறும் மொழிபெயர்ப்புக் குறைபாடன்று. இரண்டு பொருள்கள் ஒன்றுபோலத் தோன்றுவது ஒன்று. ஒரே மூலத்திலிருந்து பிறப்பது வேறொன்று. அயலிருந்தமையால் தொடர்பு கொள்வது பிறிதொன்று. இம்மூன்றும் மயங்குமிடத்து இலக்கிய வரலாறே தடுமாறுகின்றது.

‘அக்கின்’ என்பது ‘உறவினத்தைச் சேர்ந்த’ எனப் பொருள்படும் தொடர் குறுகி, பதினாறாம் நூற்றாண்டளவில் உருவான சொல்லாகும். அதன் உறுப்பாகிய ‘கின்’னோடு ஒருவேர்ப்பட்டதே ‘கைண்ட்’. இன்று ‘அன்புள்ள’ என்று பொருள்படும் அது, பழைய ஆங்கிலத்தில் ‘பிறப்போடு இயைந்த’, ‘இயல்பான’ என்றே பொருள்பட்டது. உறவினனிடத்துக் காட்டவேண்டிய நடத்தையே பண்பாக உயர்ந்தது என்க. சேக்ஸ்பியரின் ஹம்லெற் பேசும் முதற்கூற்றே இவ்விரு சொற்களையும் மோதவிடுகின்றது. இரத்த உறவும் அன்பும் பிரிந்துவிட்ட அரண்மனை அது.

‘கொக்னேற்’ இலத்தீனில் ‘உடன்பிறந்த’ எனப் பொருள்படுவது. (‘கின்’னும் ‘கொக்னேற்’றும் ‘பிறப்பித்தல்’ என்னும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரினின்று கிளைத்தவை, அவையே ஒன்றுக்கொன்று ‘கொக்னேற்’ ஆதல் சுவையானது.) உரோமச் சட்டத்தில் இச்சொல் சொத்துரிமையோடு பிணைந்திருந்தது. ஆண்வழியில் ஒரே குடும்பத் தலைவனின் அதிகாரத்துக்குட்பட்டோர் ‘அக்னாற்றி’. இரத்தத்தால் மட்டும் உறவுடையோர் ‘கொக்னாற்றி’. பன்னிரு பட்டயங்களின்படி, நேர் வாரிசு இல்லாதவிடத்து, சொத்து முன்னவரையே சார்ந்தது. வாரிசுரிமையில் இவ்வேறுபாடு கி.பி. 543இல் யஸ்டினியனின் சட்டத்தாலேயே நீங்கிற்று. ஆகவே, இன்று மொழிநூலார் கையாளும் இக்கலைச்சொல்லின் பின்னே நிலமும் அடிமையும் யாருக்கு என்ற வினா இருந்தது. உறவுச் சொற்கள் சமூக அமைப்பின் பதிவுகள் என்பதை மோர்கன் 1871இல் விரிவாக நிறுவ முயன்றார். தமிழரின் உறவுமுறைப் பெயர்களுக்கும் வட அமெரிக்கச் செனெக்கா மக்களின் பெயர்களுக்குமிடையே அவர் கண்ட ஒப்புமையை எங்கெல்ஸ் 1884இல் எடுத்தாண்டமை நம் வாசகர் அறிந்ததே.

‘அஃபினிற்றி’யோ முற்றிலும் வேறானது. எல்லை என்னும் பொருளுடைய இலத்தீன்ச் சொல்லடியாகப் பிறந்து, வயலுக்கு வயல் அயலாயிருப்பதைக் குறித்து, பின் மணவழி உறவுக்கு ஆயிற்று. ஜெஃப்ரோய் 1718இல் வெளியிட்ட அட்டவணைக்குப் பின் அது வேதியியலில் வேரூன்றியது; 1809இல் கோதே தம் நாவலுக்குத் தலைப்பாக்கினார்; வேபர் அதைச் சமூகவியலுக்குக் கொணர்ந்தார். காரணத்தைக் கூறாமலே தொடர்பைக் கூறிவிட இச்சொல் வசதியளிக்கின்றது என்பது நமது ஐயம்.

திறனாய்வாளருக்கு மிகவும் வேண்டியது, உயிரியலாளர் ஓவன் 1843இல் தெளிவாக வரையறுத்த இணையே. பூச்சியின் சிறகும் பறவையின் சிறகும் தொழிலால் ஒத்தவை, ‘அனலகஸ்’. மனிதனின் கையும் திமிங்கிலத்தின் துடுப்பும் தொழிலால் வேறாயினும் அமைப்பால் ஒத்தவை, ‘ஹொமொலகஸ்’. அவ்வமைப்பொப்பின் காரணம் பொது மூதாதையே என்பதை டார்வின் 1859இல் காட்டினார். கோல்ட்மன் 1964இல், நாவல் வடிவத்துக்கும் சந்தைச் சமுதாயத்தின் பரிவர்த்தனை அமைப்புக்கும் இடையே கண்டதும் ‘ஹொமொலொஜி’யே. ஆனால் அங்கே மூதாதை இல்லை. ஒரே சமூக நடைமுறையே உள்ளது.

இவ்வேறுபாட்டின் பயனைக் கைலாசபதியின் தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூலில் (1968) காணலாம். சங்கப் பாடல்களையும் கிரேக்க வீரப்பாடல்களையும் அவர் ஒப்பிட்டது, ஒன்று மற்றதன் வழித்தோன்றல் எனக் காட்டுவதற்கன்று; ஒத்த சமூக நிலைமைகள் ஒத்த இலக்கிய வடிவங்களைத் தோற்றுவிக்கும் என்பதற்காகவே. ‘உறவுடைய இலக்கியங்கள்’ என்று ஒருவர் இதனைப் பெயர்ப்பாராயின், நூலின் வாதமே தலைகீழாகும்.

‘கொக்னேற்’றுக்கு ‘ஓரின’, ‘அனலகஸ்’ஸுக்குத் ‘தொழிலொத்த’, ‘ஹொமொலகஸ்’ஸுக்கு ‘அமைப்பொத்த’ என நாம் வழங்கிவருகின்றோம். வினை, பயன், மெய், உரு என உவமையின் தோற்றத்தைத் தொல்காப்பியர் வகுத்த மொழியில் இவை அரியனவல்ல. ‘அஃபினிற்றி’க்கு மாத்திரம் ‘மணவுறவு’ என்பது சட்டத்துக்குப் பொருந்துமேயன்றி வேபரின் வழக்குக்குப் பொருந்தாமையால், அதனை இடம் நோக்கி விளக்கியே எழுதுகின்றோம்.