வேனில் ஏறிய கிருஷ்ணர்

நந்தமூரி தாரக ராமாராவ் 1982 மார்ச் 29 அன்று ஐதராபாத்தில் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கியபோது அவருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒன்பதே மாதங்களில், 1983 ஜனவரியில், ஆந்திர முதல்வரானார். சட்டமன்றத்தின் 294 இடங்களில் 200-க்கும் மேல் அவர் கட்சிக்குக் கிடைத்தன. 1956-இல் மாநிலம் உருவான நாள்முதல் அதுவரை அங்கே காங்கிரஸைத் தவிர வேறு கட்சி ஆண்டதில்லை.

அவரை நட்சத்திரமாக்கிய ஊர் சென்னை. தெலுங்குப் படங்கள் அன்று பெரும்பாலும் இங்குள்ள ஸ்டூடியோக்களில்தான் தயாராயின. 'பாதாள பைரவி' (1951) புகழைத் தந்தது. 'மாயா பஜார்' (1957) வந்த பிறகு தெலுங்கருக்குக் கிருஷ்ணர் என்றால் அவர் முகம்தான். 'கர்ணன்' (1964) பார்த்த தமிழர்களுக்கும் அந்த முகம் தெரியும். திருப்பதிக்குப் போய்வந்த ஆந்திர பக்தர்கள், தியாகராய நகரில் இருந்த அவர் வீட்டு வாசலிலும் தரிசனத்துக்கு நின்றார்கள்.

சாமி வேடம்தான் ஓட்டாக மாறியது என்பார்கள். அது பாதி உண்மை. வேடம் கூட்டத்தைச் சேர்த்தது. கோபம் ஏற்கெனவே ஊரில் இருந்தது. ஐந்தே ஆண்டுகளில் நான்கு முதல்வர்களை டெல்லி மாற்றியிருந்தது. அவர்களில் ஒருவரான அஞ்சையாவை, பேகம்பேட்டை விமான நிலையத்தில் பலர் முன்னிலையில் ராஜீவ் காந்தி கடிந்துகொண்டார். தெலுங்கரின் தன்மானம் என்ற முழக்கத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? ராமாராவ் பழைய செவ்ரோலே வேன் ஒன்றை மாற்றியமைத்து 'சைதன்ய ரதம்' என்று பெயரிட்டார். மகன் ஹரிகிருஷ்ணா ஓட்ட, காக்கி உடையில் கூரைமேல் ஏறி மைக் பிடித்தார். சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் வழியோரத்தில்தான். 'ஈநாடு' நாளிதழ் அந்தப் பயணத்தை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது.

ஆட்சிக்கு வந்ததும் கிலோ 2 ரூபாய் அரிசி கொடுத்தார். பரம்பரையாக வந்த கர்ணம், முன்சீப் ஆகிய கிராமப் பதவிகளை ஒழித்தார். எம்.ஜி.ஆர். 1980-லேயே தமிழ்நாட்டில் செய்திருந்த வேலை இது. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தார். சென்னைக்குக் கிருஷ்ணா நீர் தரும் தெலுங்கு கங்கைத் திட்டத்துக்கு 1983-இல் ஒப்பந்தமானது. போகிற வழியில் ராயலசீமைக்கும் பாசனம் கிடைக்கும்படி அதை விரிவாக்கினார்.

1984 ஆகஸ்டில், அமெரிக்காவில் இதய அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிய சில நாட்களில், ஆளுநர் ராம்லால் அவர் அரசைக் கலைத்து, அவர் அமைச்சரவையில் இருந்த நாதெண்ட்ல பாஸ்கர ராவைப் பதவியில் அமர்த்தினார். ராமாராவ் தன் எம்.எல்.ஏ.க்களை டெல்லிக்கு அழைத்துப்போய்க் குடியரசுத் தலைவர் முன் நிறுத்தினார். தாமே சக்கர நாற்காலியில் போனார். ஒரு மாதத்தில் பதவி திரும்பியது. ஒரு நடிகரின் ஆட்சிக்காக எதிர்க்கட்சிகள் நாடு முழுக்க ஒன்றுசேர்ந்தது அப்போதுதான்.

கட்சிக்குள் மட்டும் அவர் யார் பேச்சையும் கேட்கவில்லை. 1989-இல் ஆட்சி போனது. 1994-இல் பெருவெற்றியோடு திரும்பினாலும், இரண்டாவது மனைவி லட்சுமி பார்வதியின் செல்வாக்கைக் காரணம் காட்டி, மறு ஆண்டே மருமகன் சந்திரபாபு நாயுடு எம்.எல்.ஏ.க்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இந்த முறை டெல்லிக்குப் போக ராமாராவிடம் ஆள் இல்லை. 1996 ஜனவரி 18 அன்று மாரடைப்பால் காலமானார். கட்சி நாயுடுவின் கையில் தொடர்ந்து, 2024-இல் ஆந்திராவில் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது.