பந்தயத் திடலிற் பிடித்த படம்

சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியாவுக்கு ஒரு புதுக்களை வந்துவிடும். இத்தீவின் மிக உயர்ந்த மலையாகிய பிதுருதலாகலையின் அடிவாரத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் அமைந்த இக்குளிர் நகரை நாடி, கீழ்நாட்டு வெயிலுக்கு அஞ்சியோர் குடும்பம் குடும்பமாக மலையேறுவர். ஒருபுறம் மலர்க் கண்காட்சி. மறுபுறம் கிரகரி வாவியிற் படகோட்டம். இவற்றுக்கெல்லாம் மேலாக, வாவிக்கு அண்மையிலுள்ள பசும்புற்றிடலிற் குதிரைப் பந்தயம். 1875ஆம் ஆண்டிலே தொடங்கிய பந்தயம் இது. இடையிற் சில காலம் நின்றதாயினும், இன்றும் தேசாதிபதி கிண்ணம் என்றால் மலைநாட்டில் அறியாதார் இல்லை.

‘கல்லூரி ஆசிரியருக்குக் குதிரைப் பந்தயத்தில் என்ன வேலை?’ என்று வாசகர் புருவம் நெரிப்பது நமக்குத் தெரிகிறது. சூதின் கேட்டை விளக்கத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அதனை ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பிப்பவர் நாம். ஆகவே நாம் பணத்தைப் பந்தயம் கட்டவில்லை. படச்சுருளைத்தான் கட்டினோம், அதையும் தோற்றோம்!

அது நாம் ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிது. கைமாறி வந்த பழைய கமரா ஒன்று நம்மிடம் இருந்தது. ஹற்றனில் ரயிலேறி, நானுஓயாவில் இறங்கி, பஸ்ஸில் நுவரெலியாவை அடைந்து, கலரியில் ஓர் இடமும் பிடித்துவிட்டோம். முப்பத்தாறு படங்களுக்குரிய சுருள். ஒவ்வொரு பந்தயத்திலும் குதிரைகள் நமக்கு நேரே வரும் வேளையில் பொத்தானை அழுத்தினோம். மூன்றாம் நாள் கடையிலிருந்து படங்கள் வந்தன. முதற்படத்தில் முன்வரிசைச் சீமாட்டியின் தொப்பி. இரண்டாவதில் ஒரு குடை. மூன்றாவதில் ஒரு வாலின் நுனி. நான்காவதில் குதிரையே இல்லை. வெள்ளை வேலி மட்டும் நின்றது. எஞ்சியவற்றில் குதிரைக்குப் பதிலாகப் பழுப்பு நிறப் புகை ஒன்று பறந்துகொண்டிருந்தது. வீட்டார் ஒரு வாரம் சிரித்தனர்.

தோல்விக்குக் காரணம் என்ன என்று ஆராயத் தலைப்பட்டோம். கணக்கு எளிது. பந்தயக் குதிரை மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். அஃதாவது, ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீற்றர். கமராவின் கண் ஒரு வினாடியின் 60இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் குதிரை 28 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். பழுப்புப் புகை அதனால் வந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்திருந்தால் நகர்வு இரண்டு சென்ரிமீற்றரையும் எட்டாது. படம் தெளிவாய் விழும். இனி, வெறும் வேலி விழுந்த மர்மம். கண் கண்டதைக் கைக்கு அறிவித்து, கை அதனைச் செய்து முடிக்க வினாடியின் ஐந்தில் ஒரு பங்கு நேரமாவது ஆகும். அந்நேரத்திற் குதிரை மூன்று மீற்றருக்கு மேல் ஓடிவிடும். ஆகவே குதிரையைக் கண்டபின் பொத்தானை அழுத்துகிறவன், குதிரை போன இடத்தையே படம் பிடிக்கிறான். வருமுன் அழுத்தப் பழகவேண்டும்.

குதிரைக்கும் படத்தொழிலுக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே வேளையில் நிலத்தைவிட்டு எழுகின்றனவா என்பது முற்காலத்தில் பெரும் வழக்காயிருந்தது. 1878ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்ணியாவில், எட்வேட் மைபிரிட்ஜ் என்பார் ஓடுபாதையின் ஓரத்தில் பன்னிரண்டு கமராக்களை வரிசையாக நிறுத்தினார். பாதையின் குறுக்கே நூல்களைக் கட்டினார். குதிரை ஓடி ஒவ்வொரு நூலையும் இழுக்க, ஒவ்வொரு கமராவும் தானே படம் பிடித்தது. நான்கு கால்களும் எழுவது உண்மையென்று அப்படங்கள் காட்டின. ஆனால், ஓவியர்கள் காலங்காலமாய் எழுதியவாறு கால்களை முன்னும் பின்னும் நீட்டியபோதன்று. அவற்றை வயிற்றின் கீழ் மடக்கிச் சேர்த்தபோதே குதிரை அந்தரத்தில் நின்றது! மனிதன் ஆயிரம் ஆண்டுகளாகக் கண்டும் காணாததை ஒரு கண்ணாடி வில்லை கண்டது.

இவற்றையெல்லாம் கற்றபின், சில ஆண்டுகளுக்கு முன் மீண்டும் ஒரு சித்திரையில் நுவரெலியா சென்றோம். இம்முறை டிஜிட்டல் கமரா. உடன் நம் மாணவர் மூவர். கலரியிலிருந்து படம் பிடிக்க விரும்பும் இளைஞர்களுக்குப் பயன்படும் என்பதால், அன்று நாம் கைக்கொண்ட முறைகளைச் சுருங்கச் சொல்வோம்.

முதலாவது, இடம். முன்வரிசையை நாடாது மேல்வரிசையை நாடினோம். முன்னே இருப்போர் தலைகள் மறையா. மேலிருந்து நோக்கும்போது குதிரையின் பின்னணியிற் சனத்திரளுக்குப் பதிலாகப் பசும்புல் அமையும். மண்டபத் தூணிற் சாய்ந்து நின்றால் கை நடுங்காது. முக்காலியை விரித்துப் பக்கத்திலிருப்போர் காலை இடறுவது பண்பன்று.

இரண்டாவது, திசை. குறுக்கே ஓடும் குதிரையைவிட நம்மை நோக்கி வரும் குதிரை படத்திற் குறைவாகவே நகரும். ஆதலால் வளைவை நோக்கியிருக்கும் ஆசனம் நல்லது.

மூன்றாவது, காத்திருத்தல். வேலிக் கம்பம் ஒன்றைக் குறித்துக்கொண்டு, அதன்மீது கமராவின் பார்வையை முன்கூட்டியே நிலைநிறுத்தி, முதற்குதிரை அக்கம்பத்தை நெருங்கும்போதே அழுத்தவேண்டும். வெளிச்சம் குறைந்துவிட்டால் இன்னொரு வழி உண்டு. கமராவைக் குதிரையோடு ஒத்த வேகத்தில் திருப்பிக்கொண்டே அழுத்தினால், குதிரை தெளிவாகவும் பின்னணி கோடுகோடாகவும் விழும். முதலில் நமக்கு இழிவாய்த் தோன்றிய மங்கல், இங்கே வேகத்தின் அழகாக மாறிவிடுகிறது.

நான்காவது, நம் மலைநாட்டுக்கே உரிய மூடுபனி. பனியின் வெண்மையைக் கண்டு கமரா வெளிச்சம் மிகுதியென்று மயங்கிப் படத்தைக் கருக்கிவிடும். சற்றுக் கூடுதலான ஒளியை நாமே கொடுக்கவேண்டும். சித்திரை மாதத்திற் பிற்பகல் மழை வழக்கம். கமராவுக்கும் ஒரு குடை வேண்டும். மின்னொளி விளக்கோ கலரியிற் பயனற்றது. தூரம் இரு மடங்கானால் அதன் ஒளி நான்கில் ஒன்றாகிவிடும். முன்வரிசையாரின் பிடரியை ஒளிரச் செய்வதோடு அதன் ஆற்றல் முடிந்தது.

அன்று மூன்று நல்ல படங்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் நான்கு குதிரைகள் ஒன்றாக வளைவிலே சாய்ந்து வருகின்றன. புல்லும் மண்ணும் தெறிக்கின்றன. ஓட்டிகள் நால்வரின் முகங்களும் நான்கு விதமாயிருக்கின்றன. மனம் பூரித்தோம். ஆயினும் அன்றைய சிறந்த படம் அதுவன்று.

இரண்டு பந்தயங்களுக்கு இடையே ஓய்விருந்தது. அப்போது நம் மாணவருக்கு ஒரு கதை சொன்னோம். 1948ஆம் ஆண்டு ஜூன் 13ஆந் திகதி, நியூயோர்க் நகரிலே, பேஸ்போல் ஆட்டத்தின் மாவீரரான பேப் ரூத் தம் ரசிகரிடம் விடைபெற வந்தார். நோயினால் மெலிந்து, ஆட்டமட்டையை ஊன்றுகோலாகப் பிடித்து நின்றார். படம் பிடிப்போர் பலர் அவருடைய முகத்தை நோக்கி முன்னே குவிந்தனர். நற் பைன் என்ற ஒருவர் மட்டும் பின்னே சென்றார். இனி எவரும் அணியாத 3ஆம் இலக்கம் பொறித்த அந்த முதுகையும், அதற்கப்பால் நிறைந்திருந்த அரங்கையும், மின்னொளியின் உதவியின்றிப் படம் பிடித்தார். இரண்டு மாதங்களில் ரூத் மறைந்தார். மறு ஆண்டு அப்படத்துக்குப் புலிற்சர் பரிசு கிடைத்தது. எல்லோரும் நோக்கும் திசைக்கு மறுதிசையில் ஒரு முறையேனும் திரும்பிப் பார்ப்பது நல்லது என்பதே அக்கதையின் பொருள்.

கதையைக் கேட்ட மாணவர்களுள் ஒருவன் எழுந்து திரும்பிப் பார்த்தான். “சேர், அங்க பாருங்க, எங்க அம்மாயி!” என்று கூவினான்.

திடலுக்கு வெளியே, வீதியோரத்து மேட்டில், தோட்டத்து மக்கள் கூடியிருந்தனர். புத்தாண்டுச் சேலைகளும் சட்டைகளும் பனியினூடே பூத்தாற்போலத் தோன்றின. அவர்களுக்கு நடுவில் ஒரு மூதாட்டி. இடுப்பில் ஒரு குழந்தை. ஒரு கையை நெற்றிக்குமேல் வைத்து ஓட்டப் பாதையையே நோக்கி நின்றார். கூடை சுமந்த தலையின் நிமிர்வு அந்தக் கழுத்தில் இருந்தது. தூரம் அதிகமாயினும் நம் வில்லைக்கு எட்டியது. ஆனால் விரல் தயங்கியது. குதிரையிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, மனிதரிடம் கேட்கவேண்டும். இறங்கிச் சென்றோம்.

“எனக்கு எதுக்குங்க ஐயா போட்டோ? அடையாள அட்டைக்கு ஒன்னு புடிச்சாங்க, அது போதும்” என்றார் அவர். பிறகு சற்று மௌனமாயிருந்து, “எங்க அக்கா சிமைக்குப் போறப்ப எல்லாருமா நின்னு ஒரு போட்டோ புடிச்சோம். அதை அவதான் கொண்டுகிட்டுப் போனா. அவ மொகம் இப்ப எப்பிடி இருக்குமோ” என்றார்.

வாசகரிற் பலருக்கு இதன் பின்னணி தெரிந்திருக்கும், மாணவருக்காகச் சொல்கிறோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழர் எதிர்காலத்தை, 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எண்களாற் பிரித்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது, 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பது ஏற்பாடு. எண்களுக்கு உடன்பிறப்புத் தெரியாது. அக்காள் ஒரு பக்கத்திலும் தங்கை மறுபக்கத்திலுமாயினர். தலைமன்னாரிற் கப்பலேறியவர்களிற் பலர், தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் அமைத்த தேயிலைத் தோட்டங்களிற் குடியேறினர். நம் மாணவனின் பெரிய பாட்டியார் கோத்தகிரிக்குச் சென்றவர்.

மூதாட்டி இசைந்தார். ஆனால் ஒரு நிபந்தனை: நம்மைப் பார்த்து நிற்கமாட்டார், முன்போலவே பந்தயத்தைப் பார்ப்பார். நாம் கலரிக்குத் திரும்பினோம். மணி ஒலித்தது. குதிரைகள் புறப்பட்டன. கூட்டம் முழுதும் பாதையை நோக்க, நாமும் மாணவரும் மேட்டை நோக்கினோம். குதிரைகள் அவரைக் கடந்த கணத்தில் இடுப்பிலிருந்த குழந்தை கையை உயர்த்தியது. மூதாட்டி வாய்விட்டுச் சிரித்தார். அழுத்தினோம்.

வீடு திரும்பும் ரயிலில் நம் நினைவு பொகவந்தலாவைக்குச் சென்றது. அங்கே சென். மேரி தேவாலய வளவில் ஜூலியா மாகிரெற் கமரன் அம்மையார் துயில்கிறார். 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்த இவர், 48ஆவது வயதிற் பரிசாகக் கிடைத்த கமராவைக்கொண்டு உலகப் புகழ் பெற்றார். 1875இல் இலங்கை வந்து, இங்குள்ள எளிய மக்களையும் படம் பிடித்தார். 1879ஆம் ஆண்டு ஜனவரியில் டிக்கோயாவில் மறைந்தார். அவருடைய கமராவின் முன் நிமிடக்கணக்காய் அசையாது நின்ற நம்மவரின் முகங்கள் இன்று வெளிநாட்டு நூதனசாலைகளில் உள்ளன. ஆனால் அவர்களுட் பெரும்பாலாருடைய பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. முகம் எஞ்சியது, ஆள் யாரென்பது போயிற்று.

ஆகவே நாம் அப்படத்தைக் காகிதத்திற் பதித்து, பின்புறத்தில் மூதாட்டியின் பெயரையும், குழந்தையின் பெயரையும், ஊரையும், நாளையும் எழுதினோம். ஒரு பிரதியை அவருக்குக் கொடுத்தோம். மறுபிரதி தபாலிற் கோத்தகிரிக்குச் சென்றது.

இரண்டு மாதங்கள் கழிந்தன. ஒரு நாட்காலை மாணவன் ஒரு கடித உறையோடு வந்தான். உள்ளே ஒரு படம். தேயிலைச் செடியோரத்தில் ஒரு முதியவள், நரைத்த தலை, நெற்றிக்குமேல் வைத்த கை, அதே கழுத்து நிமிர்வு. நம் படத்தைப் பார்த்து, அவ்வாறே நிற்க விரும்பினார் போலும்! பின்புறத்தில் ஒரு பேரப்பிள்ளையின் எழுத்தில் அவருடைய பெயரும் நாளும் இருந்தன.

இளைஞர்களே, இன்று உங்கள் ஒவ்வொருவர் கைத்தொலைபேசியிலும் கமரா இருக்கிறது. பந்தயத்திற்குச் செல்லுங்கள், கிரிக்கெற் ஆட்டத்திற்கும் செல்லுங்கள், வேகத்தை வெல்லப் பழகுங்கள். ஆனால் இரண்டு பந்தயங்களுக்கு இடையே ஒரு முறை திரும்பிப் பாருங்கள். பிடித்த படத்தைத் தொலைபேசிக்குள்ளே புதைத்துவிடாது காகிதத்திற் பதியுங்கள். பின்புறத்திற் பெயரை எழுதுங்கள். குதிரைகளின் பெயர்களைப் பந்தய ஏடு குறித்து வைத்திருக்கிறது. வேலிக்கு வெளியே நிற்பவர்களின் பெயர்களை நாம்தான் குறித்து வைக்கவேண்டும்.